பழைய மேனேஜரும் புது சீசனும்: கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லீக் தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும்போதுதான் ரசிகர்களுக்குள் சண்டை உச்சத்துக்குப் போகும். மேட்ச் கிடையாது, பேச ஸ்கோர் கிடையாது. அதனால் பழைய மேனேஜர்களை (அணியின் தலைமைப் பயிற்சியாளர்களை) ஒவ்வொருவராகத் தோண்டி எடுத்து விசாரணை நடத்துவோம். எந்தக் கிளப்பின் ரசிகராக இருந்தாலும் கேள்விகள் ஏறத்தாழ இவைதான். உதாரணங்களைப் பெரும்பாலும் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். அதுதான் அதிகம் பேர் பார்த்த கதை.

ஒரு மேனேஜர் உருப்படியாக வேலை செய்தாரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டு பட்டியல் எழுதிப் பாருங்கள். அவர் வந்த நாளில் கைக்குக் கிடைத்த ஸ்குவாட், அதாவது பிளேயர்களின் கூட்டம், ஒன்று. கிளம்பிய நாளில் அடுத்தவருக்கு விட்டுப்போன ஸ்குவாட் இன்னொன்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதையும், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஜெயித்ததும் தோற்றதும் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த இரண்டு பட்டியல்தான் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்வோம். 2012-13 சீசனில் 89 புள்ளி எடுத்து, இரண்டாவது வந்த மான்செஸ்டர் சிட்டியை 11 புள்ளி பின்னால் விட்டு லீக்கை வென்றார்கள். மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த டேவிட் மோயஸ் 2014 ஏப்ரலில் வெளியே. அணி முடித்தது 7-ஆவது இடத்தில். "சாம்பியன் அணியைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள், ஒரே வருஷத்தில் நாசமாக்கிவிட்டார்" என்று இன்றுவரை பேசுகிறவர்கள் உண்டு.

அந்தச் சாம்பியன் அணியின் வயதுகளைப் பாருங்கள். 2013 கோடையில் ஃபெர்டினாண்டுக்கு 34, விடிச்சுக்கு 31, எவ்ராவுக்கு 32, கிக்ஸுக்கு 39. ஸ்கோல்ஸ் 38 வயதில் ஃபெர்குசனோடு சேர்ந்தே விடைபெற்றுவிட்டார். லீக்கில் 26 கோல் போட்டுப் பட்டத்தை ஏறத்தாழ தோளில் சுமந்து வந்த வான் பெர்சிக்கு அந்த ஆகஸ்டில் 30 ஆனது. அடுத்த கோடையில் ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் போய்விட்டார்கள், கிக்ஸ் ஓய்வு பெற்றார். போதாக்குறைக்கு, பல ஆண்டு டிரான்ஸ்ஃபர் (பிளேயர்களை வாங்கி விற்கும்) பேரங்களைப் பார்த்துக்கொண்ட தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஃபெர்குசன் போன அதே கோடையில் விலகினார். அந்த அணியிலிருந்து கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுத்து ஒரு பட்டம் வாங்கியது ஃபெர்குசனின் மேதைமை. பிழிந்த பிறகு மிஞ்சியது மோயஸுக்கு.

அதற்காக மோயஸைத் தியாகியாக்க வேண்டாம். இருந்த பயிற்சிக் குழுவைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தது அவர் முடிவு. அந்தக் கோடையின் ஒரே பெரிய வரவு, பிளேயர்களை வாங்க அனுமதிக்கும் காலம் முடியும் கடைசி நாளில் 2.75 கோடி பவுண்டுக்கு வந்த ஃபெல்லைனி. 2014 பிப்ரவரியில், டேபிளில் கடைசியில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் அவர் அணி 81 கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்து) போட்டது. பந்து வலது பக்கம் போகும், கிராஸ். தடுப்பாட்டக்காரர் தலையால் வெளியே தள்ளுவார். பந்து இடது பக்கம் போகும், மறுபடி கிராஸ். 90 நிமிடமும் அதே. கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி 2-2. ஸ்குவாட் கிழடு தட்டியது மோயஸ் குற்றமில்லை. 81 கிராஸுக்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்தப் பட்டியல்.

அப்போது கோப்பைக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. ஆனால் கோப்பை ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 2012-இல் ராபர்டோ டி மட்டேயோ செல்சிக்கு ஐரோப்பிய கிளப்களின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை வாங்கித் தந்தார், கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக. மே மாதம் கோப்பை, நவம்பரில் வேலை போயிற்று. நன்றிகெட்ட செயல் என்று அப்போது தோன்றியது. அதே சீசனில் செல்சி லீக்கில் 6-ஆவது இடத்தில் முடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், நிர்வாகத்தின் கணக்கு கொஞ்சம் புரியும்.

டாட்டன்ஹாம் கதை இன்னும் கூர்மையானது. 2024-25 சீசனில் ஆஞ்ச் போஸ்டகோக்லு யூரோப்பா லீக்கை (ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பை) வென்றார். 17 ஆண்டுகளாகக் கோப்பையே பார்க்காத கிளப். ஆனால் லீக்கில் 17-ஆவது இடம், ரிலகேஷனுக்கு (கீழ் லீக்குக்கு இறக்கப்படும் இடங்களுக்கு) நேர் மேலே. ஜூனில் அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அனுப்பியது சரி, சிலை வைப்பதும் சரி. முன்னது கிளப் நடத்துகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, பின்னது ரசிகர்களின் உரிமை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

கோப்பையே இல்லாத நல்ல சீசனும் உண்டு. 2017-18இல் மொரீன்யோ யுனைடெட்டை 81 புள்ளியோடு இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். சிட்டி 100 புள்ளி எடுத்த வருஷம் அது, 19 புள்ளி வித்தியாசம். அந்த இரண்டாம் இடம் தன் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று பிற்பாடு அவர் சொன்னபோது ஊரே சிரித்தது. அதன் பிறகு அந்தக் கிளப் போன போக்கைப் பார்த்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. 2024-25இல் அதே கிளப் 15-ஆவது.

லெஸ்டர் பட்டத்தில் ரனியேரிக்கு எவ்வளவு பங்கு? பியர்சனுக்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்காகவே மேலே சொன்ன பட்டியலை எழுதலாம். 2014-15இல் நைஜல் பியர்சனின் லெஸ்டர் மாதக்கணக்கில் டேபிளின் அடியில் கிடந்தது. கடைசி 9 மேட்சில் 7 வெற்றி பெற்று 14-ஆவது இடத்துக்குத் தப்பியது. ஜூன் கடைசியில் பியர்சனை நீக்கினார்கள். அதற்குக் காரணம் ஆட்டம் அல்ல. அடுத்து வந்த கிளாடியோ ரனியேரி, 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் தள்ளிவைத்த அணியை 81 புள்ளியோடு சாம்பியன் ஆக்கினார். 38 மேட்சில் தோற்றது மூன்றே மூன்று.

அந்த அணியின் நட்சத்திரங்களான வார்டியும் மஹ்ரேஸும் பியர்சன் காலத்தில் வந்தவர்கள். ஆள் தேர்வைப் பார்த்துக்கொண்ட ஸ்டீவ் வால்ஷ், துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் இருவரும் அங்கேயே இருந்தவர்கள். புதிதாகச் சேர்ந்த பெரிய முத்து மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே, அதுவும் வால்ஷ் குழுவின் கண்டுபிடிப்பு. ரனியேரி செய்த முதல் நல்ல காரியம், இவர்கள் யாரையும் தொடாமல் விட்டது. இப்படிச் சொன்னால் அவரைக் குறைத்துவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். புது மேனேஜர் வந்தால் தன் முத்திரையைப் பதிக்கிறேன் என்று ஓடுகிற வண்டியை நிறுத்திக் கழற்றிப் போடுவதுதான் வழக்கம். அந்த ஆசையை அடக்கியது எளிய காரியம் அல்ல. பியர்சன் சீசனின் கடைசியில் மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடியிருந்தார். ரனியேரி அதை நான்காக்கி, வார்டிக்கு முன்னால் ஓடுவதற்கு இடம் திறந்துவிட்டார். தேவையான அளவுக்கு மட்டும் கை வைத்தார்.

அடுத்த கோடையில் கான்டே செல்சிக்குப் போனார். 2017 பிப்ரவரியில், பட்டம் வென்று ஒன்பதே மாதத்தில், ரனியேரி வெளியே. அவர் மறந்துபோனது கால்பந்தை அல்ல என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

வெற்றி சதவீதம் பார்த்தால் போதாதா?

போதாது. பணக்காரக் கிளப்பில் சுமாரான மேனேஜருக்கும் 50-க்கு மேல் வரும், சின்னக் கிளப்பைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு 35 வந்தாலே பெரிது. ஒரே கிளப்பின் இரண்டு மேனேஜர்களை ஒப்பிடும்போது கூட, கோப்பைப் போட்டிகளில் கீழ்நிலை அணிகளை அடித்த எண்ணிக்கை கலந்திருக்கும். லீக் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால மேனேஜர் வந்ததும் ஜெயிக்கிறார்களே, அவரையே வைத்துக்கொண்டால் என்ன?

மேனேஜரை நீக்குவது எப்போது? அணி வரிசையாகத் தோற்று, அதன் உண்மையான தரத்தைவிடக் கீழே கிடக்கும்போது. யார் வந்தாலும் அங்கிருந்து கொஞ்சமாவது மேலே வரும். பழையவர் ஓரங்கட்டிய பிளேயர்களும் புது உற்சாகத்தோடு ஓடுவார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் புதியவரின் கைராசி என்று நினைத்துவிடுகிறோம்.

ஓலே குன்னர் சோல்ஷேர் 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்து 19 மேட்சில் 14 ஜெயித்தார். பாரிஸில் 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதிக்குப் போன இரவில், அவருக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்க ரசிகர்கள் தயார். மார்ச் கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். மீதி 10 மேட்சில் 2 வெற்றி. அவர் திடீரென்று முட்டாளாகவில்லை, முதல் மூன்று மாதமும் மந்திரவாதியாக இருந்ததில்லை. 2020-21இல் லீக்கில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார் என்பதையும் சொல்ல வேண்டும். முடிவை சீசன் முடியும்வரை தள்ளிப்போட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்." உண்மையா?

ஃபெர்குசன் பெயரைச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. 1986 நவம்பரில் வந்தார், முதல் கோப்பை 1990-இல், முதல் லீக் பட்டம் 1993-இல். அந்த 1989-90 சீசனில் லீக்கில் 13-ஆவது இடம். பொறுத்ததால்தானே பலன் என்பார்கள். பொறுத்தும் பலனில்லாத மேனேஜர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை என்பதால் கணக்கு ஒருபக்கமாகவே சாய்கிறது.

நேரம் கொடுக்கலாமா என்பதற்குப் புள்ளிகளுக்குக் கீழே ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபெர்குசனின் அந்த வறண்ட ஆண்டுகளில் இளையோர் அணியும் ஆள் தேடும் அமைப்பும் அடியோடு மாறிக்கொண்டிருந்தன; 1992-இல் இளையோர் கோப்பையை வென்ற கூட்டத்தில் கிக்ஸ், பெக்காம், பட், கேரி நெவில் இருந்தார்கள்.

ஆர்செனலில் மேனேஜர் ஆர்டெட்டாவின் கதையும் இப்படித்தான். 2020-இலும் 2021-இலும் 8-ஆவது இடம். 2021-22இல் முதல் மூன்று மேட்சும் தோல்வி: பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0. ஒரு கோல் கூட இல்லை, டேபிளில் கடைசி. அந்த வாரம் நீக்கியிருந்தால் யாரும் மூக்கின்மேல் விரல் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரும் 23 வயதுக்கு மேற்படாதவர்கள். ராம்ஸ்டேல், பென் வைட், ஓடகார்ட் எல்லாம் அந்தப் பட்டியலில்தான். அந்த சீசனை 5-ஆவதாக முடித்தார்கள், அடுத்த மூன்று சீசனும் இரண்டாவது. நேரம் கொடுத்ததற்கு ஆதாரம் அந்த வயதுகளில் இருந்தது. வெறும் பொறுமையாக இருந்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

மறுபக்கம் ஜெர்மன் கிளப் லெவர்குசன். 2025 கோடையில் எரிக் டென் ஹாக் வந்தார். அவருக்கு முன் ஷாபி அலோன்சோ 2023-24இல் 28 வெற்றி, 6 டிரா என்று ஒரு லீக் மேட்ச் கூடத் தோற்காமல் பட்டம் வாங்கித் தந்திருந்தார். டென் ஹாக் வந்த கோடையில் விர்ட்ஸ், ஃபிரிம்போங், டா, ஜாக்கா என்று முதுகெலும்பே கழன்றுவிட்டது. இரண்டு லீக் மேட்ச் முடிந்ததும் வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டே மேட்சில் எந்த மேனேஜரைப் பற்றியும் எதுவும் தெரியாது. அப்படித் தெரிந்துவிட்டதென்றால், வேலைக்கு எடுத்தவர்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பழைய மேனேஜரையே திரும்பக் கூட்டிவந்தால்?

வேலை செய்திருக்கிறது. யுப் ஹைன்க்கஸ் ஜெர்மனியின் பயர்னுக்குத் திரும்பி வந்து 2013-இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அள்ளினார். அன்செலோட்டி ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டாம் முறை வந்து 2022, 2024 என்று இரண்டு சாம்பியன்ஸ் லீக். அதே ரியல் மாட்ரிட்டுக்கு ஜிதான் 2019 மார்ச்சில் திரும்பி 2020-இல் லா லிகா (ஸ்பெயின் லீக்) பட்டம். மூன்றிலும் கவனிக்க வேண்டியது: திரும்பி வந்தபோது நல்ல அணி ஏற்கெனவே அங்கே இருந்தது, அல்லது வாங்கப் பணம் இருந்தது.

சரிந்துகொண்டிருக்கிற அணியைப் பழைய பாசத்தால் நிறுத்த முடியாது. 2023 ஏப்ரலில் செல்சி ஃபிராங்க் லாம்பார்டை சீசன் முடியும்வரை அழைத்து வந்தது. 11 மேட்சில் ஒரு வெற்றி.

நம்மிடம் சொதப்பியவர் வேறு கிளப்பில் கலக்குகிறாரே, எப்படி?

உனாய் எமெரிதான் எல்லோர் மனதிலும் இருக்கும் பெயர். ஆர்செனலில் 2019 நவம்பரில், ஏழு மேட்ச் வெற்றியே இல்லாத நிலையில் நீக்கப்பட்டார். அவர் ஆங்கிலம் பேசும் விதத்தை வைத்துக் கேலி வேறு. போய் வில்லாரியலுக்கு 2021-இல் யூரோப்பா லீக் வாங்கித் தந்தார். ரிலகேஷன் பயத்தில் இருந்த ஆஸ்டன் வில்லாவை 2022-இல் எடுத்து அந்த சீசனிலேயே 7-ஆவது, அடுத்ததில் 4-ஆவது இடம். மனிதர் மாறவில்லை, சேர்ந்த இடம்தான் மாறியது. வில்லா அவருக்கு வேண்டிய ஆட்களையும் அதிகாரத்தையும் கொடுத்தது. ஆர்செனல் அப்போது வெங்கரின் 22 ஆண்டுக்குப் பிறகு யார் முடிவெடுப்பது என்றே தெரியாமல் தடுமாறிய வீடு.

இதற்குத் தலைகீழ், கிரஹாம் பாட்டர். 2022 செப்டம்பரில் பிரைட்டனை 4-ஆவது இடத்தில் விட்டுவிட்டு, உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு செல்சிக்குப் போனார். ஏப்ரல் தொடக்கத்தில் நீக்கினார்கள், செல்சி 11-ஆவது. அவர் விட்டுப்போன பிரைட்டனோ டி செர்பியின் கீழ் 6-ஆவது இடம் பிடித்து முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பிரைட்டனில் மேனேஜர் மாறினாலும் ஆள் எடுக்கும் முறை மாறாது. பாட்டர் விட்டுப்போன பட்டியல் நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்ட பட்டியல்தான் சந்தைக் கடையாக இருந்தது.

உங்கள் கிளப் புது மேனேஜரை அறிவித்திருந்தால், அவருடைய பழைய சாதனையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதை அவர் யாரோடு சேர்ந்து செய்தார் என்றும் பாருங்கள். கூட வருகிறவர்கள் யார்?

பிரீ-சீசன் (லீக் தொடங்கும் முன் ஆடும் நட்பு மேட்ச்) முடிவுகளை நம்பலாமா?

ஸ்கோரை நம்பாதீர்கள். 2014-இல் யுனைடெட்டின் புது மேனேஜர் வான் கால் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் எல்.ஏ. கேலக்ஸியை 7-0 என ஊதித் தள்ளி, இறுதியில் லிவர்பூலை 3-1 என வென்று கோப்பையோடு திரும்பினார். லீக்கின் முதல் மேட்சில் சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் தோல்வி. அதே மாதம் எம்.கே. டான்ஸ் என்ற மூன்றாம் நிலை அணியிடம் 4-0. இதற்கு நேர் எதிர், 2019 லிவர்பூல்: டார்ட்மண்டிடம் தோல்வி, செவில்லாவிடம் தோல்வி, நாப்போலியிடம் 3-0 தோல்வி. ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள். லீக் தொடங்கியதும் முதல் 27 மேட்சில் 26 வெற்றி, ஒரு டிரா.

மேட்சைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து நொடியைக் கவனியுங்கள். மூன்று பேர் ஒன்றாகப் பாய்கிறார்களா, ஒருவர் மட்டும் ஓடி மற்றவர்கள் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களா? கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போது நடு டிஃபெண்டர்கள் எவ்வளவு அகலமாக விலகுகிறார்கள், பக்கவாட்டு டிஃபெண்டர் கோட்டோரம் நிற்கிறாரா நடுவே வருகிறாரா? களைத்த கால்களோடு ஆடினாலும் இவை தெரிந்துவிடும், ஏனென்றால் பயிற்சியில் தினமும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அப்புறம் யார் எந்த மேட்சிலும் தலைகாட்டவில்லை என்று பாருங்கள். காயம் அல்லது விற்பனை, இரண்டில் ஒன்று.

வரும் சீசனில் எத்தனையாவது இடம் என்று எப்படிக் கணிப்பது?

சம்பளப் பட்டியல்தான் பெரும்பாலும் பதில். பல சீசன்களைச் சேர்த்துப் பார்த்தால், பிளேயர்களுக்கு அதிகம் கொடுக்கிற கிளப் மேலே, குறைவாகக் கொடுக்கிறது கீழே. இது கசப்பான உண்மை. சம்பள வரிசையில் நீங்கள் ஏழாவது என்றால், ஏழுதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து கூட்டியும் கழித்தும் வாருங்கள்.

கூட்டவும் கழிக்கவும் எனக்குத் தெரிந்த வலுவான காரணம் ஐரோப்பியப் போட்டி. 2015-16இல் செல்சி 10-ஆவது. அடுத்த சீசனில் வாரநடுவில் ஐரோப்பிய மேட்ச் கிடையாது. புது மேனேஜர் அன்டோனியோ கான்டே (லெஸ்டரிலிருந்து வந்த பிளேயர் கான்டே வேறு) வாரம் முழுக்கப் பயிற்சி கொடுக்க முடிந்தது. செப்டம்பரில் ஆர்செனலிடம் 3-0 என்று அடிவாங்கியதும் மூன்று டிஃபெண்டர் முறைக்கு மாறி, வரிசையாக 13 வெற்றி, கடைசியில் 93 புள்ளியோடு பட்டம். அதற்கடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் திரும்ப வந்தது, லீக்கில் 5-ஆவது. 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சுற்றிலேயே 6-க்குப் பதில் 8 மேட்ச். சிறிய ஸ்குவாடை வைத்துக்கொண்டு அங்கே போகிற கிளப்புக்கு இது வரம் மட்டுமல்ல.

அடுத்து, போன சீசனின் அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள். உருவாக்கிய வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கைவிட வெகுவாக அதிகம் கோல் போட்ட அணி, அடுத்த வருஷமும் அப்படியே போடும் என்று நம்பாதீர்கள். பிற்பாடு லிவர்பூலுக்கு வந்த மேனேஜர் யூர்கன் கிளாப்பின் கடைசி டார்ட்மண்ட் சீசனில், 2015 பிப்ரவரியில், அணி புந்தஸ்லிகாவின் (ஜெர்மன் லீக்) கடைசி இடத்தில் இருந்தது. வாய்ப்புகளுக்கோ குறைவில்லை, பந்துதான் உள்ளே போகவில்லை. முடித்தது 7-ஆவதாக. டேபிளை மட்டும் பார்த்தவர்கள் கிளாப் காலி என்றார்கள்.

புதிதாக யாரையுமே வாங்கவில்லையே, சீசன் அவ்வளவுதானா?

கையில் இருக்கும் பட்டியலைப் பொறுத்தது. 2024 கோடையில் ஆர்னே ஸ்லாட் லிவர்பூலுக்கு வந்தபோது, உடனே ஆட வந்த புது வரவு கியேசா ஒருவர்தான். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் முந்தைய கோடையிலேயே கிளாப் மிட்ஃபீல்டை முழுக்கப் புதுப்பித்துவிட்டிருந்தார்: மெக்காலிஸ்டர், சோபொஸ்லாய், கிராவன்பெர்க், எண்டோ. முந்தைய சீசனில் 82 புள்ளி எடுத்த அணி. ஸ்லாட் முதல் சீசனிலேயே, நான்கு மேட்ச் மீதம் இருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்தார். கிளாப் விட்டுப்போன பட்டியலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. அதைக் கெடுக்காமல் கூர்மையாக்கியதற்காக ஸ்லாட்டுக்கும்.

2018 கோடையில் டாட்டன்ஹாமும் ஒருவரையும் வாங்கவில்லை, அடுத்த ஜனவரியிலும் இல்லை. அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனார்கள், அதனால் தவறு மறைந்துபோனது. 2019 நவம்பரில் அணி 14-ஆவது, மேனேஜர் போச்செட்டினோ வெளியே. வாங்காமல் இருந்ததற்கான பில் அடுத்த சீசனில்தான் வந்தது.

கீழ் லீக்கிலிருந்து இப்போதுதான் மேலே ஏறி வந்திருக்கிறோம். மறுபடி இறங்காமல் தப்ப 40 புள்ளி போதுமா?

பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே போதும். 2023-24இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 4 புள்ளி பறிக்கப்பட்ட பிறகும், 32 புள்ளியில் தப்பியது. 42 எடுத்தும் இறங்கிய வெஸ்ட்ஹாம் 2002-03இல் உண்டு, ஆனால் அது அபூர்வம். உண்மையான கவலை வேறு: 2023-24இலும் 2024-25இலும் ஏறி வந்த மூன்று அணிகளும் அப்படியே இறங்கின. முதல் சீசனில் கிளப்பின் கஜானாவைக் காலி செய்யாமல் இருப்பதையும் ஒரு இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மேட்ச் தோற்றால் பயப்பட வேண்டுமா?

2008-இல் பார்சிலோனா மேனேஜராக பெப் கார்டியோலாவின் முதல் லீக் மேட்ச், நுமான்சியாவிடம் 1-0 தோல்வி. இரண்டாவது, ராசிங்கோடு 1-1. அந்த சீசனில் பார்சிலோனா வென்றது மூன்று கோப்பை. யாரோடு, எங்கே ஆடினீர்கள் என்று பார்க்காமல் முதல் மாத டேபிளைப் படிக்க வேண்டாம். பத்து மேட்ச் ஆகட்டும்.

பழைய மேனேஜர் எதிரணியோடு நம் மைதானத்துக்கு வந்தால் கைதட்டலாமா?

மேட்ச் தொடங்கும்வரை தாராளமாக. அதன் பிறகு அவர் எதிரி. 2023 நவம்பரில் போச்செட்டினோ செல்சியோடு டாட்டன்ஹாமுக்குத் திரும்பினார். இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேரோடு ஆடிய தன் பழைய கிளப்பை 4-1 என்று அடித்துவிட்டுப் போனார்.